மூன்றாம் கை டிராக்டரும் என் எருமையும்

மைசூரில் சம்பளக்காரர்கள் எல்லாம் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்காரர் சாமராஜநகர் போய் ஒரு பழைய டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிராக்டர் எங்களுக்கு மூன்றாம் கை. முதல் கை யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் கைக்காரர் அதை எங்களிடம் விற்ற கையோடு ஒரு ஜோடி எருது வாங்கிக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். முன்னாலேயே கேள்விப்பட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மைசூருக்கு வெளியே கால்வாய் ஓரமாகக் கொஞ்சம் நிலம் அமையவே, அங்கேயே வீடு கட்டிக் குடிவந்தோம். சுற்றிலும் கன்னடக்காரர்கள். எனக்குக் கன்னடம் புரியும், வாயில் வராது. அந்நிய ஆள் எதிரில் நின்றால் தமிழும் வராது. யாராவது ஆண்கள் வந்தால் டீயைக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன். அவர்களும் கல்தான் டீ போட்டதுபோல எடுத்துக் குடிப்பார்கள்.

எனக்கென்று இருந்தது ஒரு எருமை. கன்றாக என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதன் பால் ரோட்டோரத்து ஹோட்டலுக்குப் போகும். அந்தக் காசை மட்டும் எதற்கு, என்ன என்று வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு ரவிக்கைத் துணியோ, தங்கச்சி வீட்டுக்குப் போக பஸ் காசோ, கை நீட்டாமல் வாங்கிக்கொள்ள முடிந்தது அந்த எருமையால்தான். அதுவும் என்னைப்போலத்தான். வெளி ஆளைக் கண்டால் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக்கொள்ளும்.

டிராக்டர் வந்த வருஷமே ஆயுத பூஜை வந்தது. மைசூரில் தசரா என்றால் கேட்கவே வேண்டாம். பஸ், ஆட்டோ, கடைத் தராசு, தையல் மிஷின், போலீஸ் ஜீப் என்று எதற்கும் நெற்றி காலியாக இருக்காது. எங்கள் வீட்டுக்காரருக்கு டிராக்டரின் நெற்றி எது என்பதில் ஒரு சந்தேகம் வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் டீசல் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் மூடிதான் நெற்றி என்று முடிவு செய்தார்.

"வயித்துக்குச் சோறு போற எடம். அங்கதான் பொட்டு வெக்கோணும்" என்றார்.

அசல் சந்தனக்கட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து என்னை அரைக்கச் சொன்னார். வண்டி குலுங்குகிற குலுக்கலில் உதிர்ந்துவிடக்கூடாதே என்று அதில் கோந்து கலந்தார். மூடி முழுக்க ஒரு விரல்கடை கனத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதுவும் அடைபட்டுப்போனதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

"டீசல்ல தூசி உளுகாது. அதுக்கும் ஆச்சு" என்றார்.

பூஜை முடிந்ததும் பக்கத்து வயல்காரரின் நிலத்தில் உழவு. அவர் கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். கொள்ளு விதையைத் தயாராக வைத்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். டிராக்டர் கிளம்பியது, நன்றாகத்தான் உழுதது. ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆனதும் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

டிராக்டர் நின்றால் எந்த ஆம்பிளையும் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது. காலையில்தான் டீசல் ஊற்றினோம் என்று தெரிந்தாலும் பார்ப்பார்கள். ஒரு குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். பக்கத்து வயல்காரர் வந்தால் அவர் தனியாக ஒரு குச்சி ஒடித்து வந்து விடுவார். அடுத்தவர் விட்ட குச்சியை நம்பமாட்டார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு என்ன வைத்தியம் செய்தாலும் சரி, வண்டி கிளம்பிவிடும்.

அதுதான் பெரிய கூத்தாகப் போயிற்று. அன்றைக்கு இவர் டீசல் குழாயைத் தட்டினார், கிளம்பியது. வெற்றிலை நேரம் ஓடி நின்றது. அடுத்து பக்கத்து வயல்காரர் கோபத்தில் பெரிய டயரை ஓர் உதை உதைத்தார். அதற்கும் கிளம்பியது.

"நம்ம கால் ராசி அப்படி" என்றார் அவர். அன்று மாலை வரைக்கும் அவர்தான் மெக்கானிக். உதைத்து உதைத்து நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். சாமான் பெட்டியை மொபெட்டின் பின்னால் ரப்பர் டியூபால் கட்டிக்கொண்டு வருவார். தாடி நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். எங்கள் வீட்டுக்காரரை விட வயதில் பெரியவர். ஆனாலும் இவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்.

"டீசல் லைன்ல காத்து பூந்துருச்சுண்ணா" என்றார்.

ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கி அமுக்கி டீசலை வெளியே விட்டார். முதலில் சோப்பு நுரைபோல வந்தது, பிறகு நுரை இல்லாமல் வந்தது. திருகாணியை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தார், ஓடியது. டீ குடித்துவிட்டுப் போனார். அவர் மொபெட் மெயின் ரோட்டை எட்டியிருக்காது, டிராக்டர் நின்றது.

அப்புறம் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அதன் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார்கள். பெட்ரோல் பங்கில் டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று பங்கை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் வண்டி கொஞ்ச நேரம் ஓடியது. ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர் முகத்தில் வருகிற பெருமையும், நின்றதும் விழுகிற தொங்கலும் பார்க்கச் சகிக்காது.

கடைசியில் தொட்டியையே கழற்றிக் கழுவினார்கள். இவர் மூடியையும் இன்னும் சில சாமான்களையும் கொண்டுவந்து என் பாத்திரக் குவியலில் போட்டு, "இதையும் தேச்சு வெய்யி புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். கோந்து கலந்த சந்தனம் லேசில் போகுமா? வெந்நீர் விட்டு ஊறவைத்துத் தேய்த்ததில் மூடி பளபளவென்று வந்துவிட்டது.

மூடியை மாட்டினார்கள். டிராக்டர் ஓடியது. வெற்றிலை நேரம் தாண்டியது, சாப்பாட்டு நேரமும் தாண்டியது, பொழுது சாயும் வரை ஓடியது. அடுத்த நாளும் ஓடியது, அடுத்த வாரமும் ஓடியது. பக்கத்து வயல்காரர் கொள்ளு விதைத்து முடித்தார். தன் உதை உள்ளே போய் வேலை செய்ய இத்தனை நாள் பிடித்தது என்று ஊரெல்லாம் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை தேங்காயோடு வந்தார்.

"தேச்சதுல பொட்டு போயிருச்சு. சாமிக்கு நன்றி சொல்லோணுமில்ல? சந்தனம் அரை" என்றார்.

அரைத்தேன். இந்த முறை கோந்து இன்னும் கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் வேறொருவர் நிலத்தில் போய் வெற்றிலை நேரத்தில் நின்றுவிட்டது.

மெக்கானிக் பாய் மறுபடி வந்தார். நான் டீயோடு வெளியே வருகிற சமயம் பார்த்து அவர் தொட்டி மூடியைத் திருகினார். 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். பாய் மூடியைப் பார்த்தார். மேலே இருந்த சந்தனத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். பிறகு மூடியை ரொம்ப மரியாதையாக அதன் இடத்தில் வைத்து, "பாக்கலாம்ண்ணா" என்றார். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

பக்கத்து வயல்காரர்தான் பெரிய குண்டைப் போட்டார்.

"பம்பு போயிருச்சு. நம்ம மச்சான் வண்டிக்கும் ஹீகே, இதே மாதிரி ஆச்சு. புதுப் பம்பு போட்டாதான் ஆகும்."

புதுப் பம்பின் விலை ஏறக்குறைய என் எருமையின் விலை. அந்த ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி ஓடுனா எருமை இன்னொண்ணு வாங்கிக்கலாம். எருமை இருந்து வண்டி ஓடுமா?"

 இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மாட்டுத் தரகருக்கு ஆள் போயிற்று.

பாய் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இவர் சைக்கிளில் மண்டி மொஹல்லா போய்ப் பம்பு கேட்கும்போதெல்லாம், கடையில் இல்லை, பெங்களூரிலிருந்து வரவேண்டும், லாரி வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். கடைசியில் இவருக்குக் கோபம் வந்து, "தரகர் வர்ற அன்னைக்கு நீங்களும் வாங்க. பழைய பம்பைக் கழட்டுங்க. புதுசை நானே போய் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தரகர் வருவதற்கு முந்தின நாள் நான் புதுக் கடலெண்ணெய் டின்னைத் திறந்தேன். ஆணியால் மூலையில் ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் களக் களக்கென்று கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டேன். 'புஸ்'ஸென்றது, எண்ணெய் ஒழுங்காக இறங்கியது. காலமெல்லாம் செய்கிற காரியம்தான். ஆனால் அன்றைக்கு டின்னைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. வாணலி நிரம்பி வழிந்தது தெரியவில்லை.

தெரிந்துவிட்டது, சரி. யாரிடம் சொல்வது? பூஜையில் வைத்த பொட்டுதான் வண்டியின் மூச்சை அடைக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியுமா? காலையில் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர். அன்று முழுக்க அவர் பின்னாலேயே நடந்தேன். திரும்பி, "என்ன புள்ள?" என்பார். "ஒண்ணுமில்லீங்க" என்பேன். எருமையிடம் போய் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே மட்டும் கோர்வையாக வந்தது.

மறுநாள் காலை தரகர் வந்தார். தோளில் பெரிய துண்டு, கையில் புதுக் கயிறு.  அவர் எருமையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தட்டிப் பார்த்தார். எருமை தலையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டது. பாயும் வந்து, பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மாட்டு விலையை வாயால் பேசுவது வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பிடித்து விலை சொல்வார்கள். எங்கள் வீட்டுக்காரர் கையும் தரகர் கையும் துண்டுக்குள் போவதைப் பார்த்ததும் நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். கல்லின் மேல் வைத்தேன். உள்ளே போகவில்லை.

"பாய்" என்றேன்.

பாய் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அத்தனை நாளில் என் குரலை அவர் கேட்டதே இல்லை.

"பம்புக்குத்தான் எருமை போகுது" என்றேன்.

"எந்த எருமை, அக்கா? இதுவா?" பாய் எழுந்துவிட்டார். "பம்பு மாத்துன்னு யாரு சொன்னா? நான் சொல்லவே இல்லியே. கடைல இல்ல, கடைல இல்லன்னு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"மூடி..." என்று இழுத்தேன்.

"ஆமாக்கா. மூடிதான்."

"தெரியுங்களா?"

"அன்னைக்கு 'புஸ்'ஸுன்னுச்சே, அன்னைக்கே தெரியும். எப்படிக்கா சொல்றது? பூஜை பண்ணி வெச்சிருக்கார். அதை நான் போய்ச் சுரண்டினா நல்லாருக்குமா? உங்க பூஜையாலதான் வண்டி நிக்குதுன்னு நான் சொன்னா நல்லாருக்குமா? சந்தனம்தானே, காஞ்சு தானா உதிர்ந்துரும்னு பாத்தேன். அண்ணா என்னத்தைக் கலந்தாரோ, சிமெண்டாட்டம் நிக்குது."

"கோந்து" என்றேன்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை அவர் பக்கம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே பண்ணுங்கக்கா. நான் வண்டியை மட்டும் எடுக்கறேன்" என்றார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரின் படியில் ஏறினேன். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குங்குமத்தின் நடுவில் ஊக்கைக் குத்தித் திருகினேன். கோந்து லேசில் விடவில்லை. ஊக்கு வளைந்தது, நிமிர்த்தி மறுபடி குத்தினேன். 'புஸ்'ஸென்று மூச்சு விட்டது டிராக்டர். நானும் விட்டேன். பாய் வண்டியை எடுத்தார்.

எருமையின் தண்ணீர்த் தொட்டியடியில் விலை நடந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, இப்போது நின்றுவிடும் என்பதுபோல மறுபடி துண்டைப் பார்த்தார். நிற்கவில்லை. மறுபடி திரும்பினார்.

"ஏன்றீ யஜமான்ரே, விரல் ஏன் நின்னுபோச்சு?" என்றார் தரகர்.

"செத்த இருங்க. வண்டி நிக்கட்டும்."

"ஓடுறது நல்லதுதானே? எதுக்கு நிக்கணும்?"

"வெத்தலை நேரம் ஓடும். அப்பறம் நின்னுரும்."

வெற்றிலை நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. தன் டிராக்டர் எப்போது நிற்கும் என்று கவலையோடு காத்திருந்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். பொறுக்க முடியாமல் டிராக்டரை நோக்கி நடந்தார். கை துண்டுக்குள்ளேயே இருந்ததால் தரகரும் கூடவே இழுபட்டு வந்தார்.

"என்ன பாய் பண்ணுனீங்க?"

பாய் அவசரமாகப் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். "சத்தியமா நான் கையே வைக்கலண்ணா."

இவர் மூடியைப் பார்த்துவிட்டார். குங்குமத்தின் நடுவில் ஒரு ஓட்டை.

"யாரு பண்ணுனது?"

"நான்தானுங்க" என்றேன். வளைந்த ஊக்கைத் தூக்கிக் காட்டினேன். 

"சாமி பொட்டை ஊக்கால குத்துனயா?"

"பொட்டு அப்படியேதானுங்க இருக்குது. நடுவுல ஓட்டை மட்டும்தான். எண்ணெய் டின்னுக்கு ரெண்டாவது ஓட்டை போடறமில்லீங்க, அந்த மாதிரி. டீசல் கீழ போகோணும்னா மேல இருந்து காத்துப் போகோணுமாட்ட இருக்குது. எருமையைக் குடுத்தராதீங்க."

ஒரே மூச்சில் அவ்வளவும் வந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பாய் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். தரகரிடமிருந்து கையை உருவிக்கொண்டு டிராக்டரில் ஏறினார். கட்டைவிரலால் அந்த ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். நம்பாத ஆள், பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நேரம் போயிற்று. விரலை எடுக்கவில்லை. வெயில் ஏறி, நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"என்ன பண்றாரு இவரு?" என்று தரகர் பாயிடம் கேட்டார்.

"வண்டிக்கு ஆசீர்வாதம் பண்றாரு" என்றார் பாய்.

டிராக்டர் இருமியது. மறுபடி இருமியது. உயிர் போகப் போகிற நேரத்தில் இவர் விரலை எடுத்தார். 'புஸ்.' இருமல் நின்று, வண்டி பழையபடி உறுமியது. இவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.

"எருமை விக்கறதில்லீங்க" என்று தரகரிடம் சொன்னார்.

தரகருக்கு வந்ததே கோபம்! கொள்ளேகாலிலிருந்து காலை பஸ் பிடித்து வந்த கதை, கயிறு புதுசாக வாங்கிய கதை, இங்கே ஒரு வண்டியைத் தடவிக் கொடுத்து அரை நாளைக் கழித்த கதை எல்லாவற்றையும் கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சொன்னார். நான் போய் அவருக்கும் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன். கல்லின் மேல் வைக்கவில்லை, கையிலேயே கொடுத்தேன். திட்டிக்கொண்டே ஒரு வாய் குடித்தார். திட்டு நின்றது. இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார்.

"பாலு இஷ்டு, இவ்வளவு கெட்டியா?" என்று சொல்லி, துண்டை உதறிக் கைமேல் போட்டு எங்கள் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். இவர் கை, பழக்கத்தில், தன் பாட்டுக்கு மேலே எழும்பியது.

"இல்லை" என்றேன் நான். பாய் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது.

தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன்றீ யஜமான்ரே, அம்மா பேசுவாங்களா?" என்று கேட்டார்.

"எனக்கும் இன்னைக்குத்தானுங்க தெரியும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.